வல்லரசுகளின் இணையச் சண்டையும் நடுவில் நிற்கும் நாமும்

ஹட்டனில் என்னிடம் உயர்தரத்துக்கு அரசறிவியல் படித்து, இப்போது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "சேர், அமெரிக்காவின் டெலிபோன் கம்பெனிகளுக்குள் சீனா புகுந்துவிட்டது என்கிறார்கள். சீனாவோ, அமெரிக்காதான் எங்களுக்குள் புகுந்தது என்கிறது. ரஷ்யா உக்ரேனின் கரண்டை நிறுத்தியது என்கிறார்கள். இது போரா, இல்லையா? போர் என்றால் ஏன் யாரும் திருப்பி அடிக்கவில்லை? மலைநாட்டில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன? இலங்கை யாராவது ஒருவர் பக்கம் சேர்ந்துகொண்டால் பாதுகாப்பா?"

நான்கிலும் முதல் கேள்விதான் வேர். அது பிடிபட்டால் மற்றவை தானாக விளங்கும். என் பதில் இது: இது போர் இல்லை. போர் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி அளந்து, மறைத்துச் செய்யப்படும் சண்டை. அதனால் வல்லரசுகள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்ளாமல் தப்பித்துக்கொள்கின்றன. ஆனால் போருக்கு இருக்கிற சட்டமும் இழப்புக்குப் பொறுப்புச் சொல்லும் வழக்கமும் இதற்கு இல்லை. சண்டையோடு சம்பந்தமே இல்லாதவர்கள் தலையில் செலவு விழுகிறது. நாம் நிற்பது அந்த இடத்தில்தான்.

சட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 51ஆவது உறுப்புரை, ஆயுதத் தாக்குதல் நடந்தால் ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது. கணினி வழியாக வருவது எப்போது ஆயுதத் தாக்குதல் ஆகும்? 2007இல் எஸ்தோனியாவுக்கு இந்தக் கேள்வி வந்தது. தலைநகர் தாலினில் சோவியத் காலத்து வெண்கலப் படைவீரர் சிலை ஒன்றை நகர மையத்திலிருந்து இராணுவ மயானத்துக்கு மாற்றினார்கள். ரஷ்யா கொதித்தது. அடுத்த சில வாரங்கள் எஸ்தோனியாவின் வங்கிகள், பத்திரிகைகள், அமைச்சுகள் ஆகியவற்றின் இணையத்தளங்களுக்கு உலகம் முழுவதிலுமிருந்து பொய்க் கோரிக்கைகள் குவிந்து, அவை முடங்கின. எஸ்தோனியா, அமெரிக்கா தலைமையிலான இராணுவக் கூட்டணியான நேட்டோவின் உறுப்பு நாடு. ஓர் உறுப்பு நாட்டைத் தாக்குவது எல்லோரையும் தாக்குவதற்குச் சமம் என்பது நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆவது உறுப்புரை. ஆனாலும் அதை யாரும் கையில் எடுக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை, ஒரு கட்டடமும் இடியவில்லை, ரஷ்ய அரசின் கட்டளைதான் என்று நிரூபிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் தாலினிலேயே திறக்கப்பட்டது. அந்த மையம் அழைத்த சட்ட நிபுணர்கள் 2013இல் தாலின் கையேட்டை வெளியிட்டார்கள். அதன் அணுகுமுறை இலகுவானது: விளைவைப் பாருங்கள். குண்டு செய்யும் சேதத்தை ஒரு மென்பொருள் செய்தால் அதுவும் ஆயுதத் தாக்குதல்தான். அந்தக் கையேடு நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வல்லரசுகள் அதிலிருந்து வேறொரு பாடம் எடுத்துக்கொண்டன என்று நினைக்கிறேன். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதற்கு ஓர் அங்குலம் கீழே நின்று எதையும் செய்யலாம்.

கோட்டுக்கு மிக நெருக்கமாகப் போனது ஈரானில் நடந்தது. நடான்ஸ் என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரங்கள் இருந்தன. பாதுகாப்புக்காக அவற்றை இணையத்தோடு இணைக்கவில்லை. யூ.எஸ்.பி. ஸ்டிக் வழியாக உள்ளே போன ஸ்டக்ஸ்நெட் என்ற நிரல், சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிப் பிடித்து, இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சேதப்படுத்தியது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகவே காட்டியது. ஏறத்தாழ 1,000 இயந்திரங்கள் பழுதாயின என்பது பொதுவான கணிப்பு. 2010இல் அது வெளியே தெரிய வந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்ததாக உலகமே பேசுகிறது. இரண்டு அரசுகளும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஈரானும் அதை ஆயுதத் தாக்குதல் என்று அறிவித்துப் போருக்குப் போகவில்லை.

பிறகு உக்ரேன். 2015 டிசம்பர் 23ஆம் திகதி மாலை, மேற்கு உக்ரேனில் மின்விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் தங்கள் திரையில் மவுஸ் தானாக நகர்வதைப் பார்த்தார்கள். யாரோ தூரத்திலிருந்து ஒவ்வோர் உப மின்நிலையமாக நிறுத்திக்கொண்டு போனார்கள். மூன்று விநியோக நிறுவனங்கள் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 2,25,000 பாவனையாளர்களுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. உலகில் முதல்முறையாக இணையத் தாக்குதலால் நேர்ந்த மின்வெட்டு இதுதான். பின்னர் இது ரஷ்ய இராணுவ உளவுப் பிரிவின் வேலை என்று அமெரிக்கா குற்றப்பத்திரிகையே தாக்கல் செய்தது. அதே 2015 டிசம்பர் 23ஆம் திகதி, நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் அத்தியாவசியக் கட்டமைப்பை இணையம் வழியாகச் சேதப்படுத்தக் கூடாது என்பது உட்பட 11 நெறிகளை எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டும் என்று அழைப்பு விடுத்த தீர்மானம் அது. அந்த நெறிகளை வகுத்த நிபுணர் குழுவில் ரஷ்யாவும் இருந்தது, அமெரிக்காவும் சீனாவும் இருந்தன.

அந்த மின்சாரம் எப்படித் திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊழியர்கள் வாகனங்களில் ஏறி ஒவ்வோர் உப மின்நிலையத்துக்கும் போய், கையாலேயே சுவிட்சைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் வெளிச்சம் வந்தது. லக்ஷபான, மேல் கொத்மலை, விக்டோரியா என்று நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும் பங்கு பிறக்கும் மலைகளில் வாழும் நமக்கு இந்த விவரம் முக்கியம். எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்துவிட்டுக் கையால் இயக்கத் தெரிந்த ஆட்களை இழந்துவிட்டால், அடுத்த முறை சில மணி நேரம் சில நாட்களாகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனது; பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். அது இணையத் தாக்குதல் இல்லை. ஆனால் ஓரிடத்துக் கோளாறு ஒரு தீவையே இருட்டாக்கும் என்றால், வேண்டுமென்றே செய்ய வருபவனுக்கு வேலை எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏன் திருப்பி அடிப்பதில்லை? யார் செய்தது என்று தெரியாததால் என்பார்கள். அது பாதி உண்மை. நிபுணர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. ஆனால் எப்படித் தெரிந்தது என்று வெளியே சொன்னால், எதிரியின் வீட்டுக்குள் தாங்களும் இருப்பது வெளியாகிவிடும். ஆதாரத்தைக் காட்டினால் ஆதாரம் கிடைத்த வழி அடைபடும். அதனால் "உறுதியாக நம்புகிறோம்" என்று ஓர் அறிக்கை, சில அதிகாரிகள் மீது அவர்கள் ஒருநாளும் ஆஜராகப் போகாத ஒரு வழக்கு, கொஞ்சம் தடைகள் என்று விஷயம் முடிகிறது.

இன்னொரு காரணம், இவர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். உளவு பார்ப்பதைச் சர்வதேசச் சட்டம் நேரடியாகத் தடை செய்யவில்லை. 2015இல் அமெரிக்க அரசு ஊழியர்களின் ஆளணித் திணைக்களத்திலிருந்து 2 கோடியே 15 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டது தெரிய வந்தது. சீனா மீது சந்தேகம் விழுந்தது. அப்போது அமெரிக்க உளவுத்துறைகளின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிளப்பர், சீனர்களை மெச்சத்தான் வேண்டும், எங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருந்தால் நாங்களும் தயங்கியிருக்க மாட்டோம் என்ற பொருளில் பகிரங்கமாகவே பேசினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்க உளவு நிறுவனத்தின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அமெரிக்கா உலகம் முழுவதையும் ஒட்டுக்கேட்டதைக் காட்டின. நட்பு நாடான ஜேர்மனியின் அப்போதைய தலைவர் அங்கெலா மேர்க்கலின் தொலைபேசியும் அதில் தப்பவில்லை என்ற செய்தி அந்த ஆண்டிலேயே வந்தது. கை இரண்டும் கறைபட்டவர்கள் ஒருவரை ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்ட டெலிபோன் கம்பெனி விவகாரம் 2024இல் வெளியானது. உள்ளே புகுந்த குழுவுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் சோல்ட் டைஃபூன். நீதிமன்ற உத்தரவோடு பொலிஸார் ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி வலையமைப்புகளில் வைத்திருந்த வழியையும் அந்தக் குழு தொட்டது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. நல்லவர்களுக்கு மட்டும் என்று ஒரு பின்கதவை வைக்க முடியாது. ஆனால் அதைவிட எனக்குக் கவலை தருவது 2023 மே மாதம் மைக்ரோசொஃப்ட் வெளிப்படுத்திய வோல்ட் டைஃபூன் என்ற இன்னொரு குழு; அதுவும் சீனாவோடு தொடர்புடையது என்கிறார்கள். தகவல் திருடுவது அதன் முக்கிய நோக்கமாகத் தெரியவில்லை. அமெரிக்காவிலும், பெரிய அமெரிக்கப் படைத்தளம் உள்ள குவாம் தீவிலும் தொலைத்தொடர்பு, மின்சாரம், நீர், போக்குவரத்து போன்ற துறைகளின் கணினிகளுக்குள் நுழைந்து பதுங்கி இருந்தது. தாய்வானில் நெருக்கடி வந்தால் அன்றைக்குப் பயன்படுத்த என்று அமெரிக்கா சொல்கிறது. சீனா அடியோடு மறுக்கிறது. அமெரிக்காவும் சும்மா இருப்பதாக நம்ப எந்தக் காரணமும் இல்லை; சீயானிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குள் அமெரிக்க உளவு நிறுவனம் புகுந்ததாக 2022இல் சீனா விவரங்களுடன் குற்றம் சாட்டியது. பனிப்போர்க் காலத்தில் ஏவுகணைகளை எண்ண முடிந்தது, எண்ணிக்கையை வைத்து ஒப்பந்தம் போட முடிந்தது. இதை எண்ண வழியே இல்லை. உயர்தரப் பாடத்தில் நாம் படித்த அதிகாரச் சமநிலை என்ற கணக்கு இங்கே தடுமாறுவது அதனால்தான்.

இப்போது "எங்களுக்கு என்ன" என்ற கேள்விக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை என்ற உளவு நிறுவனம், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, மைக்ரோசொஃப்டுக்குச் சொல்லாமல், தன் தேவைக்காக அதை ஆயுதமாக்கி வைத்திருந்தது. எட்டர்னல்புளூ என்று பெயர். அந்த ஆயுதம் திருடுபோய், 2017 ஏப்ரலில் இணையத்தில் பகிரங்கமாகப் போடப்பட்டது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. உலகத்தில் பலர் அதைப் போடவில்லை. மே 12ஆம் திகதி வன்னாக்ரை கிளம்பியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நிரல். ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள். பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகளில் சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் ரத்தாயின. செய்தது வடகொரியா என்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் அறிவித்தன. அமெரிக்கா செய்த ஆயுதத்தை வடகொரியா எடுத்து வீச, லண்டனில் ஒரு நோயாளியின் சத்திரசிகிச்சை நின்றது.

அடுத்த மாதமே நொட்பெட்யா வந்தது. உக்ரேனில் வரிக்கணக்கு எழுதப் பெரும்பாலான நிறுவனங்கள் எம்.இ.டொக் என்ற மென்பொருளைப் பயன்படுத்தின. அதன் அப்டேட்டுக்குள் ரஷ்ய இராணுவ உளவுப் பிரிவினர் நிரலை ஒளித்து வைத்தார்கள். ஜூன் 27ஆம் திகதி அது வெடித்தது. கப்பம் கேட்பது போலத் திரையில் எழுதியிருந்தாலும், பணம் கட்டினாலும் எதுவும் திரும்பி வராது; அழிப்பது மட்டும்தான் அதன் வேலை. குறி உக்ரேன்தான். ஆனால் உக்ரேனில் அலுவலகம் வைத்திருந்த உலக நிறுவனங்கள் வழியாக அது எல்லா இடமும் பரவியது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மேர்ஸ்க், 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. அந்த நிறுவனத்தின் வலையமைப்பின் அடிப்படைப் பதிவேட்டைத் தாங்கிய சேர்வர்கள் உலகம் முழுவதும் அழிந்து, ஒன்றே ஒன்று தப்பியது. அது கானாவில் இருந்தது, தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அந்த மின்வெட்டுதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. ரொட்டர்டாமில் கப்பல்கள் காத்துக் கிடந்தன, மும்பைக்குப் பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமும் முடங்கியது. மேர்ஸ்கின் நட்டம் மட்டும் 25 முதல் 30 கோடி டொலர். உலக மொத்த இழப்பு ஏறத்தாழ 1,000 கோடி டொலர் என்று வெள்ளை மாளிகை தரப்பில் மதிப்பிடப்பட்டது.

அந்த இழப்பை யார் கட்டினார்கள் என்று பார்த்தால்தான் விஷயத்தின் உள்ளே போகிறோம். ரஷ்யா ஒரு சதமும் கட்டவில்லை. தனக்குச் சம்பந்தமே இல்லை என்றது. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் காப்புறுதி நிறுவனங்களிடம் போயின. சொக்லேட், பிஸ்கட் செய்யும் மொண்டலீஸ் நிறுவனம் 10 கோடி டொலர் கேட்டது. காப்புறுதி நிறுவனமோ, இது ஒரு நாட்டின் போர்ச் செயல், எங்கள் ஒப்பந்தம் போரை உள்ளடக்காது என்று கையை விரித்தது. மேர்க் என்ற மருந்து நிறுவனத்துக்கும் இதே கதை. அது 140 கோடி டொலர் வழக்கு. ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, மேர்க் நியூ ஜேர்சி நீதிமன்றங்களில் வென்றது, மொண்டலீஸ் இணக்கத்துக்கு வந்தது. இந்த வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே லண்டனின் லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை, அரசுகளின் ஆதரவோடு நடக்கும் பெரிய இணையத் தாக்குதல்களை இணையக் காப்புறுதியிலிருந்து விலக்கும் விதி சேர்க்க வேண்டும் என்று 2023 மார்ச் இறுதியிலிருந்து கட்டாயமாக்கியது.

இதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள் தம்பி. வல்லரசுகளிடம் கேட்டால் இது போர் இல்லை, ஆகவே போர்ச் சட்டத்தின் கடமைகள் எங்களுக்கு இல்லை என்கின்றன. காப்புறுதிக்காரரிடம் கேட்டால் இது போருக்குச் சமம், ஆகவே பணம் தர மாட்டோம் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் அடிபட்டவன் இரண்டு பக்கமும் கதவு சாத்தப்பட்டு நிற்கிறான். சட்டத்தின் இந்த வெற்றிடம் தற்செயலாக வந்தது என்று நான் நம்பவில்லை. அதை அடைக்கக்கூடிய வலிமை உள்ளவர்களுக்கு அது திறந்திருப்பதில் ஆதாயம் இருக்கிறது.

உங்கள் தொழிற்சாலையை இதில் வைத்துப் பாருங்கள். 1883இல் ஆரம்பித்த கொழும்பு தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், இணையவழிக்கு மாறியது. நல்ல மாற்றம்தான். ஆனால் இன்று ஒரு தோட்டத்தின் தூள் விற்க வேண்டுமென்றால் ஏலத் தளம், தரகரின் கணினி, வங்கி, சுங்கம், கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எல்லாமே வேலை செய்ய வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று இரண்டு வாரம் நின்றால் கொழுந்து நிற்காது. செடி துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும். காசு வராத தோட்டத்தில் முதலில் தள்ளிப்போவது எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு நட்ட ஈடு கேட்க எந்த நீதிமன்றமும் இல்லை. வல்லரசுப் போட்டி ஏற்கெனவே தேயிலையைத் தொட்டுத்தான் இருக்கிறது. ஈரானிய வங்கிகளை சர்வதேசப் பணப் பரிமாற்ற வலையமைப்பான ஸ்விஃப்டிலிருந்து வெட்டியதும், வாங்கிய எண்ணெய்க்கான ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகக் கட்ட 2021இல் நாம் ஒப்பந்தம் செய்ததும் ஒரே கதையின் இரண்டு ஓரங்கள். 2022இல் ரஷ்யாவின் முக்கிய வங்கிகளையும் அதே வலையமைப்பிலிருந்து வெட்டினார்கள். ரஷ்யாவும் நம் தேயிலையின் பழைய வாடிக்கையாளர்.

இலங்கை நேரடியாகவே இந்தக் கதைகளில் வந்திருக்கிறது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து 95 கோடி டொலரை எடுக்க ஸ்விஃப்ட் வழியாகக் கட்டளை அனுப்பினார்கள். டாக்காவில் வெள்ளிக்கிழமை விடுமுறை, நியூயோர்க்கில் ஞாயிறு விடுமுறை, மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு என்று நாள் பார்த்து வைத்த களவு. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்கு வந்தது. பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததால் இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டது, இங்கே வங்கியிலும் தொகை அளவுக்கு மீறியது என்று கவனித்தார்கள். பணம் திரும்பிப் போனது. அமெரிக்கா 2018இல் வடகொரியர் ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது. பொருளாதாரத் தடைகளால் நெருக்கப்பட்ட ஓர் அரசு, ஆயுதத் திட்டத்துக்குக் காசு தேடும் வழியாகத் திருட்டைக் கையில் எடுத்திருக்கிறது என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லின. வல்லரசுகள் தங்கள் அணுவாயுதப் பிரச்சினையைத் தீர்க்காததன் செலவில் ஒரு பகுதி, தெற்காசியாவின் ஓர் ஏழை நாட்டின் சேமிப்பிலிருந்து போனது.

ஆனால் எல்லாவற்றுக்கும் வெளியே விரல் நீட்டுவதும் நேர்மையில்லை. 2023 ஆகஸ்டில் அரச அலுவலகங்களின் தரவையும் மின்னஞ்சலையும் வைத்திருக்கும் பொதுவான சேர்வர் அமைப்பான இலங்கை அரச கிளவுட் மீது கப்பம் கேட்கும் நிரல் பாய்ந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகம் உட்பட. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது பத்து ஆண்டு பழைய மென்பொருள். இதற்கு எந்த வல்லரசும் தேவைப்படவில்லை. 2007இலேயே கணினிக் குற்றச் சட்டம் கொண்டுவந்தோம், 2015இல் தெற்காசியாவில் முதல் நாடாக புடாபெஸ்ட் இணையக்குற்ற உடன்படிக்கையில் சேர்ந்தோம். இணையப் பாதுகாப்புச் சட்டமூல வரைவு 2019இல் வெளியாகிப் பிறகு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அதேநேரம், இணையத்தில் மக்கள் என்ன பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2024 ஜனவரியில் வேகமாக நிறைவேறியது. சேர்வரைக் காப்பதை விட வாயை அடைப்பதில் அவசரம் காட்டும் அரசு, குடிமக்களை இரண்டு பக்கமும் கைவிடுகிறது.

மலையகத்துக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுளின் இலங்கை முகவரி உட்படப் பல டொட் எல்.கே. முகவரிகளுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த விடயங்களில் தேயிலைத் துறையின் பிரச்சினையும் ஒன்று. தோட்டத் தொழிலாளர்களின் 1,000 ரூபா சம்பளக் கோரிக்கை சூடாக இருந்த நேரம் அது. யார் செய்தார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. நம் துயரம் யாரோ ஒருவர் கையில் பொருளாக எடுக்கப்படக்கூடியது என்பதுதான் முக்கியம். பெரிய நாடுகள் அடுத்தவர் தேர்தலிலும் இனப்பிரச்சினையிலும் விளையாடும்போது செய்வதும் இதுவே: இல்லாத காயத்தை உண்டாக்க மாட்டார்கள், இருக்கிற காயத்தைத் தேடிப் பிடிப்பார்கள். தீர்க்காமல் விட்ட சம்பளமும் காணியும் வீடும் அந்த வகையில் நாட்டின் பாதுகாப்பு விடயங்கள்தான்.

கடைசிக் கேள்வி, யார் பக்கம் சேர்வது. நாம் ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை போடப்படும் சீ-மி-வி 6 கடலடிக் கேபிள் மாத்தறையில் கரையேறுகிறது. ஸ்ரீலங்கா டெலிகொம் அதில் பங்காளி. அதைப் போடும் வேலை முதலில் குறைந்த விலை கேட்ட சீன நிறுவனத்துக்குப் போகும் நிலையில் இருந்தது. அமெரிக்கா பாதையிலிருந்த நாடுகளின் தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு பேசி, பயிற்சி நிதி தருவதாகச் சொல்லி, அந்தச் சீன நிறுவனத்தின் மீது தடைகள் வரலாம் என்று எச்சரித்து, 2022இல் வேலையை அமெரிக்க நிறுவனத்தின் பக்கம் திருப்பியது. சீனாவின் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் திட்டத்திலிருந்து விலகின. இன்னொரு பக்கம், நம் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய நன்கொடையில் நடக்கிறது. அம்பாந்தோட்டைக்கு 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் வந்தபோது டில்லியும் பெய்ஜிங்கும் எப்படிப் பேசின என்று நினைவிருக்கும்.

ஒரு பக்கம் சேர்வதால் என்ன கிடைக்கும் என்பதற்கு கொஸ்டாரிக்காவைப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் ரஷ்யாவோடு தொடர்புடைய கொன்டி என்ற கப்பக் கும்பல் அந்தச் சின்ன நாட்டின் நிதி அமைச்சைப் பூட்டியது. வரி, சுங்கம் முடங்கி ஏற்றுமதி இறக்குமதி கடதாசிக்குத் திரும்பியது. மே மாதம் புதிய ஜனாதிபதி தேசிய அவசரநிலை அறிவித்தார். அமெரிக்கா 2023இல் 2 கோடியே 50 இலட்சம் டொலர் உதவி அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இல்லாத நாடுகளின் நிறுவனங்கள் தன் 5ஜி வலையமைப்பில் பங்கெடுக்க முடியாது என்று கொஸ்டாரிக்கா ஆணை போட்டது. நடைமுறையில் அது சீன நிறுவனங்களைத்தான் குறித்தது. உதவி உண்மையானது, தேவையானதும்கூட. ஆனால் அது அடி விழுந்த பிறகு வந்தது. நேட்டோவில் இருந்த அல்பேனியாவும் 2022இல் ஈரானின் தாக்குதலுக்கு ஆளாகி, 5ஆவது உறுப்புரையைப் பற்றி யோசித்து, கடைசியில் ஈரானோடு இராஜதந்திர உறவை முறித்ததோடு நின்றது. அணியில் இருப்பது அடியைத் தடுக்கவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு: கருவியை யாரிடமும் வாங்கலாம், சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஒரே நாட்டின் கேபிள், ஒரே நாட்டின் கிளவுட், ஒரே நாட்டின் அடையாள அமைப்பு என்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மட்டத்தில் என்றால், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கு, செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவேடு), ஏலத்துக்கு அனுப்பிய தொகுதிகளின் விவரம் எல்லாவற்றுக்கும் கணினியிலிருந்து கழற்றி வைத்த ஒரு பிரதி ஒவ்வொரு வாரமும் இருக்க வேண்டும். அதைத் திறந்து பார்த்து வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். வன்னாக்ரையில் தப்பியவர்கள் இதைத்தான் செய்திருந்தார்கள்.

நாட்டின் மட்டத்தில் ஒரு வாய்ப்பு இப்போது திறந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஐக்கிய நாடுகள் சபையில், இணையப் பாதுகாப்புப் பற்றிப் பேச ஒரு நிரந்தரப் பொறிமுறை அமைக்க எல்லா நாடுகளும் இணங்கின. அங்கே பெரிய நாடுகளுக்கும் நமக்கும் ஒரே அளவு நாற்காலிதான். முன்பு சொன்ன 11 நெறிகளை எடுத்து வாசியுங்கள். மென்பொருள் விநியோகச் சங்கிலியின் நம்பகத்தன்மையைக் காக்க வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. நொட்பெட்யா அதை உடைத்தது. கண்டுபிடித்த ஓட்டைகளைப் பொறுப்போடு அறிவிக்க வேண்டும் என்று இன்னொன்று. எட்டர்னல்புளூவைப் பதுக்கி வைத்தது அதற்கு நேர் எதிர். மூன்றாம் நாட்டுக்கு நேர்ந்த சேதத்துக்கு யார் இழப்பீடு தருவது என்று அந்தப் பதினொன்றிலும் ஒரு வரி கிடையாது. இலங்கை, பங்களாதேஷ், கொஸ்டாரிக்கா மாதிரி நாடுகள் சேர்ந்து கேட்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.